உயரக் குமிழ்

விசுவமடுவில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவனுக்கு
எதற்கடா விமானம் என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
குமிழ் இருக்கிறது.

வெறுமனே சுற்றுகிற குமிழை எவனும் செய்வான்.
இது சுற்றவும் வேணும்
தள்ளவும் வேணும்
இழுக்கவும் வேணும்
கையை விட்டதும் தானாக நடுவுக்கு வரவும் வேணும்.
தள்ளினால், ஏற்கெனவே போட்டு வைத்த கணக்கின்படி
விமானம் தன்பாட்டில் ஏறும்.
இழுத்தால், நான் வைத்த உயரம்.
வெளியில் இருந்து எடுப்பித்தால்
அந்தக் காசுக்கு இரண்டு பம்பு வாங்கலாம்.

ஆகவே பழைய கார் ரேடியோவின் சுழலி.
அது முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வர
விரல் நீள எஸ்லோன் குழாய்.
ஜெயரூபன் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில்
கழித்துவிட்ட மவுஸ் இரண்டு.
பொத்தான்களை மீன்கண் தோண்டுவதுபோல் தோண்டி எடுத்து
ஒன்றைக் குழாயின் வாயிலும்
மற்றதை அடியிலும் ஈயம் வைத்து ஒட்டினேன்.
பிடிக்க, பாணிமருந்துப் போத்தலின் மூடி.
விளிம்பெல்லாம் வரி. விரல் வழுக்காது.

முதலாவது, இழுத்தால் இழுத்தபடி நின்றது.
இரண்டாவது உள்ளே போய்க் குடியிருந்துவிட்டது.
மூன்றாவதில்தான் விளங்கியது
ஒரு சுருள் காணாது என்று.
முன்னுக்கொன்று, பின்னுக்கொன்று,
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்.
அந்தத் தள்ளலுக்குள்தான் நடு என்று ஓரிடம்.
எங்கள் ஊர்க்காரனுக்கு
இது மூன்றாந்தரம்தானா விளங்கவேணும்?

லைற்றர்ச் சுருள் மொக்குப் பலம்.
பேனைச் சுருள் சரி, ஆனால் ஒன்றைப்போல் ஒன்றில்லை.
பதினொரு பேனை வாங்கினேன்.
சோதினையோ தம்பி என்றார் கடைக்காரர்.
ஓமண்ணை என்றேன்.

எஞ்சின் சத்தத்தை முதல்நாளே நிறுத்திவிட்டேன்.
நிரோஜினி நிறுத்தச் சொல்லவில்லை.
நெத்தலி கழுவிக்கொண்டிருந்தவள்
சட்டியோடு எழும்பி வெளியில் போனாள்.
தேடிப் போனேன்.
வாழைகளுக்குள் குந்தியிருந்தாள்,
முழங்கை நிலத்தில்,
வாய் சற்றுத் திறந்தபடி.
காது வெடிக்காமலிருக்க
அப்படித்தான் இருக்கவேணும் என்று
ஐந்தாம் வகுப்பில் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.
"உள்ளுக்குள்ள மீன் மணக்குது, அதுதான்" என்றாள்.

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில்
விமானம் ஊமையாகப் பறக்கிறது.
ஓடுபாதையை விட்டு எழும்புவதும் இறங்குவதும்
கண்ணுக்கு மட்டும்.
காதுக்கு இந்த டிக் ஒன்றுதான்.
அதுவும் பிசகினால் நான் எங்கே பறக்கிறேன்?
மூடியைக் கழற்றி, சுருளில் ஒரு வளையம் வெட்டி,
திரும்பப் பூட்டி, காதோடு வைத்துத் தள்ளி,
இழுத்து,
திரும்பவும் கழற்றி.

மழை பிடித்த ஒரு கார்த்திகை இரவு
பஸ்ஸில் கழற்றிய என் கதிரையில்
வந்து இருந்தாள், கேட்காமல்.
"இழுத்தா?"
"நீ சொன்னது."
"தள்ளினா?"
"அது நினைச்சது."
குமிழைப் பார்த்தாள். இழுத்தாள்.
நிலம் மெல்லக் கீழே போனது.
கனநேரம் பேசவில்லை.
பத்தாயிரத்தில் கேட்டாள்:
"இப்ப கீழ நிக்கிற சனத்துக்கு எங்கட சத்தம் கேக்குமோ?"

திரையில் சனம் இல்லை.
பச்சையும், குளத்துக்கு ஒரு நீலமும்தான்.
ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.
"கேக்கும்."

ஆயிரம் அடிக்கு ஒரு டிக்.
சுற்றினாள். இழுத்தாள். பொறுத்திருந்தாள்.
இருபதாயிரம். "இப்ப?"
"கொஞ்சம்."
முப்பத்தொன்று. "இப்ப?"
தகரத்தில் மழை. நான் யோசிப்பதுபோல் இருந்தேன்.
முப்பத்தொன்பது.
"இனிக் கேக்காது, நிரோ.
இதுக்கு மேல இந்த விமானம் ஏறாது."

எதற்கும் இன்னுமொரு டிக் வைத்து
இழுத்தாள்.
மூடி கழன்று கையோடு வந்தது.
உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டே இருந்தாள்.

நாளைக்கு ஒட்டவேணும்.
பசை முடிந்துவிட்டது.